கோணல் பெட்டிக்குத்தான் கூட விலை

வாங்கோ பிள்ளையள், வாங்கோ. வெயிலுக்க நிக்காமல் இந்த வேம்புக்குக் கீழ வந்து இருங்கோ. பங்குனி கழியுது. வாடை அடிச்சு ஓய்ஞ்சு போச்சு, சோளகம் இன்னும் கிளம்பேல்லை. குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குப் போற வள்ளம் குடலைப் பிரட்டாமல் போய்ச் சேருற காலம் இதுதான். இதை ஆரோ மோப்பம் பிடிச்சு உங்களுக்குச் சொல்லிப்போட்டினம், தீவில இப்ப வசந்தம் எண்டு. வசந்தம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. வேம்பு பூத்துக் கொட்டுது, மாமரம் காய்ச்சுத் தொங்குது. பத்து மணிக்குப் பிறகு தொப்பி இல்லாமல் வெளிக்கிட்டியள் எண்டால் வசந்தம் மண்டைக்குள்ளையும் இறங்கும்.

என்ன அலுவலாய் வந்தனீங்கள்? ஓ, கைப்பணிப் பட்டறையோ! பனை ஓலையில பெட்டி இழைக்கப் பழகிறதோ! நல்லது, நல்லது. போன கிழமையும் ஒரு வான் நிறைய வந்தவை. அவை தெற்கால தொடங்கி வடக்கால முடிக்கிற ஆக்கள். அம்பலாங்கொடையில கதுரு மரத்தில முகமூடி குடைஞ்சு, காலியில பீரலுப் பொல்லுகளை மாத்தி மாத்திப் போட்டு லேஸ் பின்னி, கண்டிப்பக்கம் தும்பறைப் பாய்த் தறியில குந்தியிருந்து படமும் எடுத்துக்கொண்டு இஞ்ச வந்தவை. ஒரு கிழமைக்குள்ள நாலு தொழில். எங்கட ஆக்கள் நாலு தலைமுறையாய் ஒரு தொழிலைத்தான் செய்தவை, பாவம், கெட்டித்தனம் காணாது.

நீங்கள் காசு கட்டிப்போட்டியள், அதால நான் தடுக்கமாட்டன். ஆனால் இந்த வேம்புக்குக் கீழ இருக்கிற கிழவன் சும்மா சொல்லுற புத்தியையும் கேட்டுப்போட்டுப் போங்கோ. இதுக்குக் கட்டணம் இல்லை. வெத்திலை வைச்சிருந்தால் தாங்கோ, வாங்குவன்.

முதல் சங்கதி நேரம். உங்கட நோட்டீசில காலமை பத்து மணி தொடக்கம் மத்தியானம் ஒரு மணி எண்டு அச்சடிச்சுக் கிடக்கு. சோக்கான நேரம், காலமைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில அளவாய்ச் செருகியிருக்கினம். என்ன, ஓலைதான் அந்த நோட்டீசை வாசிக்கேல்லை.

நல்ல பெட்டிக்கு எடுக்கிறது குருத்தோலை. மரத்தின்ரை நடு உச்சியில இன்னும் விரியாமல் நிமிர்ந்து நிக்குமே, அது. பனை மாசத்துக்கு ஒண்டு, அவ்வளவுதான் குருத்து விடும். ஆசைக்கு எல்லாத்தையும் வெட்டினால் மரம் பட்டுப்போகும். அதால ஒண்டை வெட்டினால் அடுத்ததை விட்டுவைக்கிறது மரியாதை. வெட்டினதை விரிச்சுக் காயப் போடவேணும், பகல் வெயிலும் இரவுப் பனியும் பட்டு வெளிறவேணும். பிறகு ஈர்க்குக் கழட்டவேணும். பிறகு வாரவேணும். வார்றது எண்டால் கத்தியால ஒரே அகலத்துக்கு இழை இழையாய்க் கிழிக்கிறது. சொல்ல லேசு. ஒரு இழை நெல்லளவு அகலம் கூடிச்சுதெண்டாலும் மூலை திரும்பேக்க அது உங்களைக் காட்டிக் குடுத்துப்போடும். நிறம் வேணுமெண்டால் சாயத்தில அவிச்சு, திரும்பக் காயவைக்கிறது ஒரு வேலை. இழைக்க இருக்கமுன்னம் ஈரத் துணியில சுத்தி வைக்கிறது இன்னொரு வேலை, ஏனெண்டால் காய்ஞ்ச ஓலையை மடிச்சால் வெடிக்கும். அதுக்குத்தான் எங்கட பொம்பிளையள் விடியப்புறம் எழும்பி, பனி ஈரம் போகமுன்னம் முத்தத்தில இருந்து இழைக்கிறவை. நீங்கள் பல்லு மினுக்கிற நேரம் அவைக்கு அரைப்பெட்டி ஏறியிருக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. பத்து மணிக்கு நீங்கள் பாயில வந்து குந்தேக்க உங்களுக்கு முன்னால வார்ந்த ஓலை, நிறம் நிறமாய், அளவாய், ஈரப்பதமாய் அடுக்கியிருக்கும். அடியும் போட்டு வைச்சிருப்பா உங்களுக்குப் பழக்கிற மாமி. அடி போடுறதிலதான் பெட்டியின்ரை முழுப் படிப்பும் இருக்கு. மூலை திருப்பிறது அதின்ரை பரீட்சை. இந்த ரெண்டையும் விட்டுப்போட்டு, இடையில மேலும் கீழுமாய்ச் செருகிறதை உங்களிட்டைத் தருவா. நீங்கள் நாக்கைக் கடிச்சுக்கொண்டு செருகுவியள். பிளேன்ரீ வந்திட்டுது எண்டு எழும்பிப் போவியள். அந்த இடைவெளியில மாமி உங்கட மூண்டு வரியைப் பிரிச்சுத் திருப்பி இழைச்சுப்போட்டு, ஒண்டும் அறியாதவ மாதிரி வேலியைப் பாத்துக்கொண்டு இருப்பா. நீங்கள் வந்து, "அட, இப்ப வடிவாய் வருது!" எண்டுவியள். "ஓம் பிள்ளை, உங்கட கை நல்ல கை" எண்டுவா.

அதில புளுகப்படாதேங்கோ. மாமி எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறவ. போன வானில வந்த உயர்ந்த துரைக்கும் அதைத்தான் சொன்னவ. அவர் இழைச்ச பெட்டிக்குள்ள மேலால தேசிக்காய் போட்டால் கீழால எடுக்கலாம்.

சரி, போறதெண்டு முடிவெடுத்தாச்சு. அப்ப இதுகளைக் கவனியுங்கோ. சப்பாணி கட்டி இருக்கவேணும், கதிரை தரமாட்டினம். முழங்காலுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. நீட்டு நகம் வளர்த்திருந்தால் ஓலை அதை ஒருபக்கம் கிழிக்கும், நகம் ஓலையை மற்றப்பக்கம் கிழிக்கும். ரெண்டு பேருக்கும் நட்டம். மோதிரத்தைக் கழட்டி மடியில முடியுங்கோ. குருத்தோலையின்ரை விளிம்பு கூர், விரலில கோடு போடும், ரத்தம் எட்டிப் பாக்கும். அதுக்கு "ஐயோ" எண்டு கத்தாதேங்கோ, மாமியின்ரை விரலைப் பாத்தால் உங்களுக்கு வெக்கமாய்ப் போகும். போனை எடுத்து அடிக்கடி படம் பிடிக்கிறதையும் கொஞ்சம் குறையுங்கோ. இடது கை பிடியை விட்டால் இழைச்சதெல்லாம் அவிண்டு விரியும். மூண்டாவது கை வைச்சிருக்கிறவை வேணுமெண்டால் தாராளமாய்ப் பிடிக்கலாம்.

"இதை எவ்வளவு காலத்தில வடிவாய்ப் பழகலாம்?" எண்டு மட்டும் மாமியிட்டைக் கேட்டுப்போடாதேங்கோ. அவவுக்கு விடை தெரியாது. அவ பழகினதே அவவுக்குத் தெரியாது. தாயின்ரை மடிக்குப் பக்கத்தில இருந்து கழிச்ச ஓலைத் துண்டை வைச்சு விளையாடினவ, ஒருநாள் பாத்தால் பனங்கட்டிக் குட்டான் இழைச்சுக்கொண்டிருந்தவ. அந்தக் காலத்தில பனங்கட்டி காய்ச்சி ஊத்துற குட்டான் இழைக்கிறதுதான் சின்னப் பெட்டையளின்ரை கைவேலை. நூறு குட்டான் கோணிச்சுதெண்டாலும் ஆரும் பேசமாட்டினம், பனங்கட்டிக்குக் கோணல் தெரியாது. பிறகு பெட்டி, பிறகு சுளகு, பிறகு பாய், கடைசியாய்க் கடகம். கடகம் பொத்தினவள் எண்டால் ஊரில ஒரு மதிப்பு. நீங்கள் குட்டானை விட்டிட்டுப் பெட்டியில தொடங்கப்போறம் எண்டு நிக்கிறியள், நல்ல துணிச்சல்.

இப்ப காதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்கோ. இது காசுக் கணக்கு, சத்தமாய்க் கதைக்கப்படாது.

மாமி ஒரு கடகம் இழைக்கிறா எண்டு வையுங்கோ. ரெட்டைத் தட்டு, வாய்க்கு நார் வைச்சுப் பொத்தினது, நெல்லை நிரப்பித் தலையில தூக்கினாலும் அசையாது. அதைச் சந்தைக்குக் கொண்டு போனால் வாங்க வாறவர் தூக்கிப் பாப்பார், குலுக்கிப் பாப்பார், வெயிலுக்குப் பிடிச்சு ஓட்டை இருக்கோ எண்டு பாப்பார். எல்லாம் பாத்துப்போட்டு, "என்னணை, ஓலைதானே, குறைச்சுத் தாவன்" எண்டுவார். மரத்தில ஏறி வெட்டினது, காயவைச்சது, வார்ந்தது, இழைச்சது, பொத்தினது எல்லாம் அந்த "ஓலைதானே"க்குள்ள போச்சு. அதே மாமி உங்கள் ஒவ்வொருத்தருக்கும் கோணல் பெட்டி ஒண்டு இழைக்கக் காட்டித் தாறதுக்கு நீங்கள் தலைக்குத் தலை கட்டிப்போட்டு வந்த காசு இருக்கே, அவ நேராய் இழைச்ச கடகம் ஒண்டை வித்தால் அதில பாதிகூட வராது. ஆக, நேர்ப் பெட்டி ஓலை விலை, கோணல் பெட்டி பவுண் விலை. இந்தப் பொருளாதாரத்தைத் திருநெல்வேலியில பல்கலைக்கழகத்தில படிப்பிக்கினமோ எனக்குத் தெரியாது, மாமி படிச்சு முடிச்சிட்டா. "அண்ணை, இனி நானும் கோணலாய் இழைக்கப் பழகினால் முன்னேறலாம் போல கிடக்கு" எண்டு அண்டைக்குச் சொல்லிப்போட்டு வெத்திலையைத் துப்பிச் சிரிக்கிறா.

இதைக் கேட்டு நீங்கள் குற்றம் செய்த மாதிரி முழிக்கத் தேவையில்லை. உங்கட காசு வரட்டும், தடுக்கிறவன் மடையன். நடுவில வான்காரர், ஹோட்டல்காரர், வரவேற்புக்குச் செவ்விளநீர் வெட்டித் தந்தவர் எல்லாரும் எடுத்தது போக, மாமியின்ரை மடியில எவ்வளவு விழுது எண்டதை மட்டும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. கூட்டிக்கொண்டு வந்த பொடியனிட்டைச் சிரிச்ச முகத்தோட கேளுங்கோ. அவன் நேராய்ச் சொன்னால் நல்ல பட்டறை. திடீரெண்டு பனையின்ரை வரலாறு சொல்லத் தொடங்கினான் எண்டால், விளங்கிக்கொள்ளுங்கோ.

பனையின்ரை வரலாறு கேக்கவும் நல்லாய்த்தான் இருக்கும். எண்ணூத்தியொரு பிரயோசனம் எண்டு பழைய ஆக்கள் கணக்குச் சொல்லுவினம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் தாலவிலாசம் எண்டு பனைக்கெண்டே தனியப் பாடி வைச்சவர். அரசாங்கமும் 1978 இல பனை அபிவிருத்திச் சபை எண்டு ஒண்டைத் தொடக்கி வைச்சது. எண்ணூத்தியொண்டையும் நான் எண்ணிப் பாக்கேல்லை. எண்ணூத்திரெண்டாவது மட்டும் தெரியும், அது முன்னால நிண்டு படம் எடுக்கிறது.

பிரயோசனம் எண்டேக்கதான் ஞாபகம் வருது, நீத்துப்பெட்டி. கூம்பாய் இழைச்சு, பானை வாயில வைச்சுப் புட்டு அவிக்கிறது. நீராவி ஓலைக்கால ஏறி மாவை வேகவைக்கேக்க ஒரு வாசம் வரும் பாருங்கோ, அது அலுமினியக் குழலில வராது. பட்டறை முடிவில உங்களுக்கு இதையும் விப்பினம், கறுப்பும் சிவப்பும் பூசி. போன வானில ஒரு தங்கச்சி அதை வாங்கித் தலைகீழாய்ப் பிடிச்சு, உள்ளுக்குப் பல்ப் மாட்டினால் எவ்வளவு வடிவு எண்டு கேட்டுது. வடிவுதான் பிள்ளை. உங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல எங்கட புட்டுப்பெட்டி தலைகீழாய்த் தொங்கும், கீழ நீங்கள் பாண் சாப்பிடுவியள். அதைவிட ஒரு புட்டை அதில அவிச்சுத் திண்டு பாத்திட்டுத் தொங்கவிட்டால் என்ன? சாயம் பூசினதை வாங்காதேங்கோ, அவிக்கேக்க புட்டும் நிறம் மாறும். வெறும் ஓலையில தா எண்டு கேளுங்கோ, மாமி அப்பதான் உங்களை முதல்முறையாய் நிமிர்ந்து பாப்பா.

இப்ப கனடாவில இருந்து வந்து நிக்கிற எங்கட பேத்தியளோட கொஞ்சம் கதைக்கவேணும். மற்றவை தேத்தண்ணியைக் குடியுங்கோ.

பிள்ளை, உன்ரை கொப்பர் சின்னனாய் இருக்கேக்க இந்தத் தீவில ஒவ்வொரு வீட்டிலையும் ஒரு மந்திரம் ஓதினவை: "படிக்காட்டில் ஓலை வெட்டத்தான் போவாய்." கணக்குப் பிழைச்சால் அந்த மந்திரம், இங்கிலீசு பிழைச்சால் அந்த மந்திரம். மந்திரம் நல்லாய்ப் பலிச்சுது. கொப்பர் படிச்சார், கொழும்புக்குப் போனார், சண்டை வந்தோடன கனடாவுக்குப் போனார். இஞ்ச பிளாஸ்ரிக் வாளியும் நைலோன் பையும் வந்து சேர்ந்துது. கடகத்தைக் கோழி அடைகாக்க விட்டிட்டு எல்லாரும் நாகரிகமாய்ப் போனம். இப்ப நீ வேலையில லீவு எடுத்து, ரிக்கெற்றுக்குக் காசு கட்டி, பட்டறைக்கும் காசு கட்டி, கொப்பர் எதில இருந்து தப்பி ஓடினாரோ அதைப் பழக வந்து குந்தியிருக்கிறாய். எனக்கு மெத்தச் சந்தோசம். கொப்பரிட்டை மட்டும் சொல்லிப்போடாதை, இவ்வளவு படிப்பிச்சும் கடைசியில ஓலைக்குத்தான் போட்டுதெண்டு மனுசன் படுத்திடும்.

உனக்கு இன்னொண்டும் சொல்லவேணும். பகிடி இல்லாமல் சொல்லுறன், பகிடியாய்ச் சொல்ல வராது.

பட்டறையில பிளா கோலுற பாடம் ஒண்டும் வைச்சிருக்கினம். ஓலையை மடிச்சு நுனியில முடிஞ்சால் ஒரு ஏனம், கூழ் குடிக்கலாம், கள்ளுக் குடிக்கலாம். எல்லாரும் குடிச்சதுதான். "சூழலுக்குக் கேடில்லாத கோப்பை, குடிச்சிட்டு எறியலாம்" எண்டு அந்தப் பொடியன் விளங்கப்படுத்துவான். நீங்கள் எல்லாரும் தலையாட்டுவியள். நான் குறுக்க விழமாட்டன். ஆனால் நீ தெரிஞ்சு கொண்டு மடி. வீட்டுச் செம்பை இன்ன இன்ன ஆக்கள் தொடப்படாது எண்டு வைச்சிருந்த காலத்தில, வேலியோரம் நிக்கிறவனுக்குத் தண்ணி வார்த்ததும் இந்தப் பிளாவிலதான். குடிச்சிட்டு எறியலாம் எண்ட சுகம் அப்ப வேற ஆக்களுக்கு இருந்தது. தேத்தண்ணிக் கடையளில அவைக்குத் தனிப் பேணி. கோயிலுக்குள்ளையும் விடமாட்டம் எண்டு நிண்டவை. 1968 இல மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில உள்ளுக்கு விடுங்கோ எண்டு கேட்டு வந்தவை என்ன பாடு பட்டவை எண்டு கொம்மம்மாவிட்டைக் கேட்டுப் பார், அவவுக்குத் தெரியும். கேட்டால் முட்டு வந்து இருமுவா. அவவின்ரை வயசு ஆக்களுக்கு அதைக் கேட்டால் முட்டு வரும்.

இன்ன இன்ன ஆக்கள் எண்டது இந்த மரத்தில ஏறின ஆக்களையும் சேர்த்துத்தான். இப்ப நீங்களே ஒரு விசயத்தை யோசியுங்கோ. ஓலை இழைக்கப் பட்டறை இருக்கு, கூழ் காய்ச்சப் பட்டறை இருக்கு, பிளா கோலப் பட்டறை இருக்கு. பனையில ஏறப் பழக்கிற பட்டறை எங்கயாவது கண்டனீங்களே? இந்தப் பங்குனி சித்திரைதான் அதுக்குச் சரியான காலம். பாளை சீவுற காலம். காலில தளநார், இடுப்பில பாளைக்கத்தியும் முட்டியும். காலமை ஒருக்கால் ஏறிச் சீவி, பின்னேரம் திரும்ப ஏறிச் சீவவேணும், அதுவும் ஒரு மரம் இல்லை, ஒரு வரிசை மரம். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீர், பூசாமல் விட்டால் கள்ளு. பாளையை எந்தப் பதத்தில தட்டவேணும், எவ்வளவு மெல்லிசாய்ச் சீவவேணும் எண்டது கைக்குத்தான் தெரியும். ஒருநாள் சோம்பல் பட்டால் பாளை அடைபட்டுப் போகும். முப்பது மீற்றர் உயரம் வளருற மரத்தின்ரை உச்சியில, சோளகம் கிளம்பினால் மரத்தோட சேர்ந்து ஆடிக்கொண்டு செய்யிற வேலை. இதைவிடக் கைப்பணி ஒண்டு உண்டோ?

நான் அந்தப் பொடியனிட்டைக் கேட்டனான், ஏனடா தம்பி இதுக்குப் பட்டறை வைக்கேல்லை எண்டு. காப்புறுதிக்காரர் சம்மதிக்கமாட்டினமாம். நியாயம்தான். ஏறுறவருக்குத் தளநார்தான் காப்புறுதி. விழுந்தால் அது அறுந்த தேதியோட காலாவதி.

அதால நீங்கள் ஓலையைக் கையில எடுக்கேக்க, இதை ஆர் ஏறி வெட்டினவர் எண்டு கேளுங்கோ. பேர் சொன்னால் நல்லது. அவரைக் கூப்பிட்டுப் பாயில இருத்தி, அவருக்கும் உங்களோட சேர்த்துத் தேத்தண்ணி குடுத்தால் அதைவிட நல்லது. அதே கிளாசில.

வேற? நெடுந்தீவுக்கும் போறியளோ? போங்கோ, சோளகத்துக்கு முதல் போட்டு வாங்கோ. அங்க பவளக்கல்லை அடுக்கி, சாந்தும் இல்லாமல் சீமெந்தும் இல்லாமல் வேலி கட்டியிருப்பினம். எப்பிடி நிக்குதெண்டு பாக்க ஒரு கல்லை இழுத்துப் பாக்கிற புத்தி உங்களுக்கு வரும். வேண்டாம், அந்த வளவுக்காரர் பொல்லாதவை. குதிரையளைத் தூர நிண்டு பாருங்கோ. அதுகள் பறங்கியர் காலத்தில இருந்து ஒருத்தருக்கும் அடங்காத சாதி, உங்கட பிஸ்கற்றுக்கு அடங்காது.

ஏட்டில எழுத்தாணியால உங்கட பேரைக் கீறித் தாற ஒருத்தரையும் காணுவியள். வாங்குங்கோ. பேரில புள்ளி காணேல்லை எண்டு சண்டைக்குப் போகாதேங்கோ. ஓலையில புள்ளி குத்தினால் ஓட்டை விழும் எண்டு பழைய ஆக்கள் வைக்காமல் விட்டவை. அப்பிடி எழுதின ஏடுகள் கனக்க யாழ்ப்பாண நூலகத்தில கிடந்தது, 1981 இல எரிச்சுப்போட்டினம். உங்கட பேர் ஏட்டைக் கண்ணாடி போட்டு வையுங்கோ.

வாற வழியில இடிஞ்ச வீடுகள் கனக்கக் கண்டிருப்பியள், ஆலமரம் சுவரைப் பிளந்துகொண்டு நிக்கும். "எவ்வளவு அழகான பின்னணி" எண்டு சொல்லிப் படம் எடுக்க விடுவினம். எடுங்கோ. ஆனால் வாசல்படியில ஏறமுன்னம் செருப்பைக் கழட்டுங்கோ, அது ஒரு ஆளின்ரை வீடு. தொண்ணூறு தொண்ணூத்தியொண்டில ஓடினவை, சாவி இன்னும் ரொறன்ரோவில ஒரு லாச்சிக்குள்ள கிடக்கும். சண்டைக் காலத்தில பங்கருக்கு அடுக்கத் தறிச்ச பனையளுக்குக் கணக்கில்லை. புதுசாய் ஒரு கொட்டை போட்டால் அது காய்க்கப் பதினைஞ்சு இருபது வருசம் செல்லும். பட்டறைக்காரர் உங்களிட்டை ஒரு பனங்கொட்டையும் தந்து நடச் சொல்லுவினம், பேர்ப்பலகையும் குத்துவினம். வசதியான ஏற்பாடு. காய்க்கேக்க நீங்களும் இருக்கமாட்டியள், நானும் இருக்கமாட்டன், பேரை ஆரும் வந்து சரிபார்க்கமாட்டினம்.

சித்திரை வருசப்பிறப்புக்கு நிக்கிறியளெண்டால் அண்டைக்குப் பட்டறை கிட்டறை எண்டு ஒருத்தரையும் கரைச்சல்படுத்தாதேங்கோ. கோயிலில மருத்துநீர் குடுப்பினம், தலையில வைச்சு முழுகுங்கோ. பெரியாக்கள் கைவிசேசம் தந்தால் ரெண்டு கையாலும் வாங்குங்கோ, எவ்வளவு எண்டு அதில வைச்சு எண்ணாதேங்கோ. போர்த்தேங்காய் அடிக்கிற இடத்தில தள்ளி நில்லுங்கோ. எங்கட பொடியளுக்குக் குறி தவறாது, உங்களுக்குத் தவறும்.

ஒடியல் கூழ் காய்ச்சுற பாடம் பின்னேரம் வைச்சிருக்கினமாம். ஒடியல் மாவைத் தண்ணியில ஊறவைச்சு வடிச்சு எடுக்காட்டில் கசக்கும். நண்டும் இறாலும் மீன் தலையும் போட்டு, பயத்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் தாராளமாய் விடுவினம். "உறைப்பைக் கொஞ்சம் குறைக்கலாமோ" எண்டு கேட்டால் மாமி "ஓம், ஓம்" எண்டுவா. குறைக்கமாட்டா.

கடைசியில சான்றிதழ் தருவினம், பொன்னிற விளிம்பு போட்டது, இன்னார் பனை ஓலைக் கைப்பணி பயின்றார் எண்டு. மாமியிட்டை அப்பிடி ஒண்டு இல்லை. உங்களுக்கு அதைக் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் அவ இன்னொரு பிழையைத் திருத்த முடியாமல் போச்செண்டு நினைச்சுக்கொண்டு போடுவா.

கோணல் பெட்டியைச் சூட்கேசில பத்திரமாய் வையுங்கோ. அதோட மாமி இழைச்ச நேர்ப் பெட்டி ஒண்டையும் வாங்குங்கோ, அவ சொல்லுற விலைக்கு. ஒரு சதம் குறைக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ, "ஓலைதானே" எண்டு ஒரு சொல்லு வாயில வந்தாலும் நான் இந்த வேம்புக்குக் கீழதான் இருப்பன், கேக்கும். ரெண்டையும் வீட்டில பக்கத்தில பக்கத்தில வையுங்கோ. வாறவை எது நீங்கள் செய்தது எண்டு கேட்டால், உண்மையைச் சொல்லுறதும் சொல்லாததும் உங்கட பாடு.

உங்களில ஆருக்காவது உண்மையாய்ப் பழகவேணும் எண்டு எண்ணம் இருந்தால், நாளைக்கு விடியப்புறம் இருட்டோட வாங்கோ. வான் வேண்டாம், நடந்து வாங்கோ. குருத்து வெட்டுறவர் அந்த நேரம்தான் ஏறுவார், கீழ நிண்டு விழுற ஓலையைப் பொறுக்கி அடுக்க ஆள் வேணும். வரமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். வந்தால் தேத்தண்ணி கிடக்கு, சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டுதான் குடிக்கவேணும். சான்றிதழும் இல்லை. காசு ஒண்டும் கேக்கமாட்டம், வெத்திலையை மட்டும் மறந்துபோடாதேங்கோ.